கூடிப் பார்க்கும் கண்கள்: போடி ஏலக்காய் ஏலமும் கவன ஆய்வும்

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏல மையத்தில் ஒரு லாட் ஏலத்துக்கு வரும்போது வியாபாரிகளின் கண்ணுக்கு இரண்டு வேலை. சின்னப் பையில் வந்த மாதிரிக் காயைத் தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும். எதிரே உள்ள திரையில் லாட் எண், மூட்டை, எடை, ஏறிக்கொண்டிருக்கும் விலை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். காயின் பச்சை மங்கியிருக்கிறதா, வாய் பிளந்த காய் எத்தனை, எட்டு மில்லிமீட்டர் தேறுமா, ஏழுதானா என்று கண் தட்டில் ஓடும். சந்தேகம் வந்தால் ஒரு காயைப் பிளந்து உள்ளே அரி, அதாவது விதை, கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், மோந்தும் பார்ப்பார்கள். அதற்குள் திரையில் விலை ஏறியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த லாட் முடிந்து அடுத்த பை வந்துவிடும். போடிமெட்டு, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று மலையில் எங்கோ ஒரு தோட்டக்காரருடைய பல மாத உழைப்புக்கு விலை அந்தச் சிறு நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

பலர் கூடி ஒரு முடிவுக்கு வரும்போது அவர்களின் கவனம் எங்கே போகிறது, அது முடிவை எப்படி வளைக்கிறது என்ற கேள்வியை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் சில பத்தாண்டுகளாகக் கண் நகர்வுப் பதிவுக் கருவிகளைக் கொண்டு ஆராய்கிறார்கள். பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வகத்தில், மாணவர்களை வைத்து, கற்பனைச் சிக்கல்களைக் கொடுத்துத்தான் இந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இந்தக் கேள்விக்கு உயிருள்ள களம் போடி மாதிரியான ஏல மண்டபம்தான் என்பது என் எண்ணம். இங்கே கவனத்துக்கு ரூபாயில் விலை உண்டு.

ஏலத்தைக் கூட்டு முடிவு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். ஏலம் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். பேசி இணங்கி ஒரு முடிவுக்கு வரும் குழுவினர் இல்லை. ஆனாலும் கடைசியில் நிற்கும் விலை எந்தத் தனி மனிதருடைய மதிப்பீடும் அல்ல. ஒருவர் கேட்பதைப் பார்த்து மற்றவர் தன் மதிப்பைத் திருத்திக்கொள்கிறார். இவர் தயங்குவதைக் கண்டு அவரும் தயங்குகிறார். இணக்கம் இல்லாமலே கூட்டாக எடுக்கப்படும் முடிவு இது. ஒரு விதத்தில் குழு விவாதத்தைவிடத் தூய்மையான உதாரணம். பேச்சு இல்லை, பார்வையும் விலையும் மட்டுமே உண்டு.

பெரிய விலை அலைகளுக்குக் காரணம் தேட யாரும் கண்ணுக்குள் போக வேண்டியதில்லை. 2018 பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை அடித்துப்போட்டன. 2019 ஆகஸ்ட் 3 அன்று மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தின் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. பிறகு வரத்து கூடியதும் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே சரிந்து, கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்கள் தவித்தார்கள். இது மழையும் சந்தையும் செய்த வேலை. ஆனால் அந்த 7,000 ரூபாய் நாளிலேயே சராசரி விலை அதற்கு வெகு கீழேதான் இருந்தது. ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், ஒரே ஆட்கள் கேட்டும் லாட்டுக்கு லாட் விலை விலகுகிறது. அந்த விலகலில் பெரும்பங்கு தரத்தைச் சேர்ந்தது. மீதியில் கவனத்துக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் இங்கே கேள்வி.

கண் வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். நாம் எதிரே உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் விழித்திரையின் நடுக்குழி ஒன்றுதான் கூர்மையாகப் பார்க்கும். அது பிடிக்கும் அகலம் சுமார் இரண்டு பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அளவுதான் அது. அதனால் கண் ஒரு இடத்தில் கால் நொடி போல நின்று, சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஒரு நொடிக்கு மூன்று நான்கு தாவல். தாவும்போது ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை. நிற்கும்போதுதான் விஷயம் உள்ளே போகிறது. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகாமல் தாவித் தாவிப் போகிறது என்று பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால் 1870களின் இறுதியில் எழுதினார். இன்றைய கருவிகள் கண்ணில் மெல்லிய அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கருவிழியில் படும் அதன் பிரதிபலிப்பையும் கண்பாப்பாவின் மையத்தையும் கேமராவால் பிடித்து, பார்வை எங்கே படுகிறது என்று கணக்கிடுகின்றன. நல்ல ஆய்வகக் கருவியில் பிழை அரைப் பாகை அளவில் நின்றுவிடும். மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன. ஆளைக் கட்டிப்போடாமல் உட்கார்ந்த இடத்திலேயே அளக்கலாம்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ரஷ்யரான ஆல்ஃபிரெட் யார்பஸ். இலியா ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை, எதிர்பாராமல் வீடு திரும்பிய ஒருவரைக் குடும்பம் பார்த்துத் திகைக்கும் காட்சியை, ஒருவருக்கே பலமுறை காட்டினார். ஒவ்வொரு முறையும் கேள்வி மட்டும் மாறியது: இவர்களுடைய வயது என்ன, வசதி எப்படி, வந்தவர் எவ்வளவு காலம் வெளியூரில் இருந்திருப்பார். படம் மாறவில்லை, கண் போன பாதை ஒவ்வொரு கேள்விக்கும் முற்றிலும் மாறியது. இதை ஏலத் தட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வடநாட்டு மிட்டாய்க் கடைக்காரருக்காகப் பெரிய பச்சைக் காய் தேடுகிறவரும், அரைக்கிற கம்பெனிக்காக அரியின் கனம் தேடுகிறவரும் ஒரே தட்டைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் கண் நிறத்திலும் நீளத்திலும் தங்கும். மற்றவர் காயைப் பிளந்த பிறகுதான் பார்க்கவே தொடங்குவார். ஆகவே எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. என்ன கேள்வியோடு பார்த்தார்கள் என்பது தெரியாவிட்டால் அந்த எண் வெறும் எண்தான்.

பார்வை விருப்பத்தைப் பின்தொடர்கிறதா, உருவாக்குகிறதா என்பது இத்துறையின் பெரிய சண்டை. 2003-ல் ஷின்சுகே ஷிமோஜோவும் குழுவினரும் இரண்டு முகங்களில் எது அழகு என்று கேட்டு, முடிவு சொல்வதற்குச் சற்று முன்பிருந்தே கண் ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறது என்று காட்டினார்கள். 2010-ல் இயன் கிராய்பிச், கேரி ஆர்மெல், அன்டோனியோ ரேஞ்சல் மூவரும் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள்: ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அதற்கான மதிப்பு மனத்துக்குள் கூடிக்கொண்டே போகிறது, பார்க்காத பொருளின் மதிப்புக் குறைத்து எண்ணப்படுகிறது. 2015-ல் ஃபிலிப் பார்னமெட்ஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போய், ஒரு பதிலை அதிக நேரம் பார்த்த கணத்தில் 'இப்போது சொல்லுங்கள்' என்று கேட்டு, அறநெறிக் கேள்விகளில்கூடச் சுமார் 58 சதவீதம் தடவை ஆட்களைத் தாங்கள் குறிவைத்த பதிலின் பக்கம் கொண்டுபோக முடிந்தது என்றார்கள். 2018-ல் பென் நியூவெல், மைக் லெ பெல்லி இருவரும் அதை மறுத்தார்கள்: எளிய காட்சித் தீர்ப்புகளில் அப்படி நடக்கும், சிக்கலான அற முடிவுகளில் நடக்காது என்பது அவர்களுடைய வாதம். எனக்கு இந்த மறுப்பு சரியாகவே படுகிறது. ஏலக்காய் வாங்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பச்சையா, வெளிறியதா என்பது காட்சித் தீர்ப்பு. எவ்வளவுக்கு வாங்கினால் கட்டுபடியாகும் என்பது பழைய கடன், சரக்கு இருப்பு, ஊர் மார்க்கெட் எல்லாம் சேர்ந்த கணக்கு. முதலாவதைப் பார்வை அசைக்கும். இரண்டாவதை அவ்வளவு லேசாக அசைக்காது.

குழுவுக்கு வருவோம். கண் கருவி இல்லாமலே ஒரு முக்கியமான உண்மையை 1985-ல் கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் கண்டார்கள். ஒரு குழுவில் எல்லோருக்கும் தெரிந்த தகவலையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள்; ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் பேச்சுக்கே வராமல் போகிறது. அந்தத் தனித் தகவல்களைச் சேர்த்தால்தான் சரியான முடிவு கிடைக்கும் என்ற நிலையிலும் குழு தவறான பக்கமே சாய்கிறது. யார் பேச்சு எடுபடுகிறது என்ற அடுத்த கேள்விக்குக் கண் கருவி உதவியது. டாம் ஃபூல்ஷாம் குழுவினர் 2010-ல், குழு விவாத வீடியோக்களைப் பார்க்கிறவர்களின் கண்ணைப் பதிவுசெய்தார்கள். செல்வாக்குள்ளவர் என்று குழுவினர் கருதிய ஆளையே பார்வையாளர்களும் அதிகம் பார்த்தார்கள். 2013-ல் ஜோயி செங் குழுவினர் இதை நீட்டித்து, மிரட்டி மேலே வருகிறவரும் திறமையால் மதிப்பு பெற்று மேலே வருகிறவரும், இருவருமே பார்வையை ஈர்க்கிறார்கள் என்று காட்டினார்கள். 2019-ல் ஃபிரான்செஸ்கா கப்போசி குழுவினர் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கை வைத்தே குழுவின் தலைவரை அடையாளம் காண முடிந்தது என்றார்கள்.

இவற்றோடு எனக்குப் பிடித்த இன்னொரு ஆய்வையும் சேர்க்க வேண்டும். 2008-ல் சூசன் பிரென்னன் குழுவினர் இரண்டிரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, திரை நிறைய இருக்கும் எழுத்துகளுக்கிடையே ஒரு எழுத்தைத் தேடச் சொன்னார்கள். ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பது மற்றவர் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பேச்சே இல்லாமல் பார்வையை மட்டும் பகிர்ந்த ஜோடிகளே மிக வேகமாகத் தேடின. அவர் பார்த்த பக்கத்தை விட்டுவிட்டு இவர் மறுபக்கம் பார்த்தார்; வேலை தானாகவே பிரிந்துகொண்டது. பேசவும் விட்டபோது வேகம் குறைந்தது. பேசுவதற்கே ஒரு செலவு இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது நம் ஊர் ஏற்பாடுகள் இரண்டு நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கவனத்தைத் திறந்து வைப்பது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. அதில் என்னை வியக்கவைப்பது குலுக்கலைவிட, எல்லோருடைய பார்வையையும் ஒரே இடத்தில் நிறுத்த அவர்கள் செய்த ஏற்பாடு. மகாசபை முழுவதும் கூடியிருக்கக் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையிலேயே வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார், அதாவது பூசகர்கள், எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். ஒருவர் கண்ணை மட்டும் நம்பாமல், பல கண்களை ஒரே ஓலையின் மேல் கொண்டுவந்து வைக்கிறது அந்த விதி.

இன்னொன்று, கவனத்தை மூடி வைப்பது. மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கும் அத்தனை கண்ணுக்கும் மாடு தெரியும். விலை மட்டும் தெரியாது. பிறர் கேட்ட விலையைப் பார்த்துத் தன் மதிப்பை மாற்றிக்கொள்ளும் வழியை அந்தத் துண்டு அடைத்துவிடுகிறது. நம் முன்னோர் கூட்டுக் கவனத்தைத் திறக்கவும் மூடவும் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பதே என் வாதம். எதைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்பதை அளந்து பார்க்கும் வசதி மட்டும் இப்போது புதிதாக வந்திருக்கிறது.

போடி ஏலம் இந்த வகையில் ஒரு பெரிய மாற்றத்தைக் கடந்து வந்திருக்கிறது. 2007-ல் மின்னணு முறை வருவதற்கு முன் வாயால் கேட்கும் ஏலம். ஏலம் விடுகிறவர் முகத்தையும், எதிரே இருக்கிற போட்டிக்காரர் முகத்தையும், தட்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். முகத்தில் ஆயிரம் தகவல் உண்டு: யார் சரக்கு இல்லாமல் தவிக்கிறார், யார் சும்மா விலையேற்றுகிறார், யார் யாரோடு பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மின்னணு முறை கேட்பவரின் கண்ணை முகத்திலிருந்து திரைக்குத் திருப்பியது. அடுத்து, பெருந்தொற்றுக் காலத்தை ஒட்டிப் புத்தடி மையத்திலும் போடி மையத்திலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே லாட்டைக் கேட்கும் வசதி வந்தது. இனி போட்டிக்காரர் மலைக்கு மறுபக்கம் இருக்கலாம். அவர் முகம் தெரியவே தெரியாது. கூட்டு பேசி விலையை அழுத்துவது கடினமாகும் என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் முகம் பார்ப்பது நின்ற பிறகு, அந்த மிச்சமான கவனம் காய்த் தட்டுக்குப் போனதா, ஏறும் எண்ணுக்குப் போனதா? எண்ணுக்குப் போயிருந்தால், வியாபாரிகள் காயைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பின்தொடர்வதே கூடியிருக்கும். தோட்டக்காரர் கவனமாக உலர்த்தி நிறம் காத்த காய்க்கு உரிய விலை கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

தட்டைப் பார்த்தும் குறையைத் தவறவிடுவது ஏன் என்பதற்கு மருத்துவத் துறையில் ஒரு தெளிவான விடை உண்டு. எக்ஸ்ரேயில் நுரையீரல் கட்டியைத் தவறவிடும் மருத்துவர்களின் கண்ணை 1970களில் ஹரால்ட் குண்டலும் கால்வின் நோடினும் பதிவுசெய்து, தவறுகளை மூன்றாகப் பிரித்தார்கள். சில கட்டிகளின் மேல் கண் படவே இல்லை. சிலவற்றின் மேல் பட்டது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. சிலவற்றின் மேல் நீண்ட நேரம் நின்றும், பரவாயில்லை என்று தள்ளிவிட்டார்கள். போடியில் ஏலக்காய்க் கடைகளில் உட்கார்ந்து காய் பிரிக்கும் பெண்களின் வேலை இந்தப் பகுப்புக்கு அப்படியே பொருந்தும். சல்லடையில் அளவு பிரித்த பிறகு, வெளிறியதையும் வெடித்ததையும் பூச்சி கடித்ததையும் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். ஒரு வெடித்த காய் தப்பிப் போனால், கண் படவில்லையா, பட்டும் தெரியவில்லையா, தெரிந்தும் கணக்கு முடிக்கிற அவசரத்தில் விட்டாரா? முதலாவதற்கு மருந்து நல்ல வெளிச்சமும் சரியான உயரத்தில் பலகையும். இரண்டாவதற்குப் பயிற்சி. மூன்றாவதற்குக் கூலி முறையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எது என்று அளக்காமல் எல்லாத் தவறுக்கும் பெண்களைத் திட்டுவது அநியாயம்.

வெளிநாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே தூக்கிவந்து இங்கே பொருத்துவதில் ஆபத்தும் இருக்கிறது. செல்வாக்குள்ளவரையே எல்லோரும் அதிகம் பார்க்கிறார்கள் என்பதை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பெரியவர் பேசும்போது இளையவர் அவர் கண்ணை ஏறிட்டுப் பார்ப்பது மரியாதை ஆகாது. தலை தாழ்த்தித்தான் கேட்பார்கள். தோட்ட முதலாளி முன்னால் நிற்கும் தொழிலாளியும் அப்படித்தான். கருவி அதை 'கவனம் இல்லை' என்று எழுதிவிடும். காது முழுவதும் அங்கே இருக்கும்போது கண் மட்டும் தரையில் இருப்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. எழுத்தறிவும் கண் போகும் விதத்தை மாற்றுகிறது. இந்தியாவில் படித்தவர்களையும் அதிகம் படிக்காதவர்களையும் வைத்து ரமேஷ் மிஸ்ராவும் ஃபால்க் ஹுவெட்டிக்கும் குழுவினரோடு செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வாக்கியம் முடிவதற்குள் அடுத்து வரப்போகும் பொருளின் மேல் முன்கூட்டியே கண்ணை ஓடவிடுவது படித்தவர்களிடம் தெளிவாகவும் மற்றவர்களிடம் குறைவாகவும் இருந்தது. திரையைப் பார்த்தே வளர்ந்த இளம் வியாபாரியையும், காயைக் கையில் உருட்டியே வளர்ந்த பெரியவரையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

கருவியை மாட்டியவுடன் மனிதர் மாறிவிடுவது இன்னொரு தொல்லை. எவான் ரிஸ்கோவும் ஆலன் கிங்ஸ்டோனும் 2011-ல், சுவரில் கவர்ச்சிப் படக் காலண்டர் மாட்டிய அறையில் ஆட்களை உட்காரவைத்தார்கள். கண் கருவி மாட்டியிருந்தவர்கள் காலண்டர் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். ஏல மண்டபத்தில் இது இன்னும் கூடும். தன் கண் எந்த லாட்டில் தங்கியது என்பது வியாபாரியின் தொழில் ரகசியம். ஜோசப் வாங், மைக்கேல் ஸ்பெசியோ, காலின் கேமரர் 2010-ல் செய்த ஆய்வில், பொய் சொல்லி ஆதாயம் தேடுகிறவரின் கண் போகும் இடத்தையும் பாப்பா விரிவதையும் வைத்து, அவர் மறைக்கும் உண்மையை ஓரளவு ஊகிக்க முடிந்தது. அப்படியானால் ஒரு வியாபாரி எவ்வளவு வரை போவார் என்பதையும் இந்தப் பதிவிலிருந்து ஊகித்துவிடலாம். போட்டிக்காரர் கையில் அது கிடைத்தால் ஏலமே கெட்டுவிடும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதல் வாங்குவது குறைந்தபட்சம். பதிவுகளை ஆய்வு முடிந்ததும் பெயரின்றிச் சுருக்கி, மூலத்தை அழிப்பதையும் சேர்த்தே ஒப்பந்தம் போட வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் கண்காணிப்புக்கே உரியது என்று ஒதுக்கவும் முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பிரதிப்தா பிஸ்வாஸின் ஆய்வகம், சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, கையை அசைக்க முடியாத பெருமூளை வாதக் குழந்தைகள் கண்ணாலேயே திரையை இயக்கும் வசதியை உருவாக்கியது. பேச முடியாத ஒருவர் விரும்புவதைச் சொல்ல அதே கருவி வழிசெய்தது. யாருக்காக, யார் கட்டுப்பாட்டில் என்பதே வேறுபாடு.

போடியில் இந்த ஆய்வைத் தொடங்குவதென்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி வரிசையைப் பற்றியது. பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1989-ல் ஒயின் ஏலங்களைப் பார்த்து, ஒரே வகைப் பொருள் அடுத்தடுத்து ஏலத்துக்கு வரும்போது பின்னால் வருவதற்கு விலை குறைவாகப் போவது அடிக்கடி நடக்கிறது என்று காட்டினார். காரணம் பற்றி இன்றுவரை வாதம் உண்டு: முன்னால் வாங்கியவருக்குத் தேவை தீர்ந்தது, பணம் குறைந்தது, பின்னால் கிடைக்காமல் போகுமோ என்ற பயம் முதலில் விலையை ஏற்றியது. கண் களைத்துப்போவதும் அந்தப் பட்டியலில் சேரத் தகுதியான காரணம். மண்டபத்தில் லாட்டுக்குப் பின் லாட்டாகத் தட்டுகளைப் பார்த்துவரும் ஒருவர், கடைசி லாட்டுகளையும் முதல் லாட்டைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்கிறாரா? ஒரே உலர்ப்பில் வந்த காயை இரண்டு லாட்டாகப் பிரித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்தால் விடை நேராகக் கிடைக்கும். ஒரே மண்டபத்தில் இருப்பவர்களின் பார்வைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதால், ஒவ்வொருவரையும் தனிச் சாட்சியாக எண்ணிக் கணக்குப் போடக் கூடாது; முழு ஏல நாளையே ஒரு அலகாக எடுக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு பருவம் முழுவதும் பதிவு வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கண்ணாடி உடனே தேவையுமில்லை. தட்டில் கொட்டிய மாதிரிக்காய் எவ்வளவு நேரம் பார்வையில் இருந்தது, எத்தனை பேர் காயைப் பிளந்து பார்த்தார்கள் என்பதை, முகம் தெரியாதபடி மேசைக்கு மேலிருந்து எடுக்கும் சாதாரணக் கேமராவும் கடிகாரமும் சொல்லிவிடும். வந்த அளவு, விற்ற அளவு, அதிக விலை, சராசரி விலை ஆகியவற்றை ஸ்பைசஸ் போர்டு அன்றன்றைக்கே வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை ஊரிலேயே உள்ள ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரியின் மாணவர்கள் செய்யலாம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், காய் பிரிக்கிற பெண்களின் பிள்ளைகளும் படிக்கிற ஊர்க் கல்லூரி அது. முடிவை முதலில் தோட்டக்காரர் சங்கத்தின் கூட்டத்தில் தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்க வேண்டும். பின்வரிசை லாட்டுகளுக்குக் கவனம் குறைகிறது என்று தெரிந்தால், வரிசையைக் குலுக்கிப் போடுவதா, நடுவில் இடைவேளை விடுவதா, சின்ன லாட்டுகளை முன்னால் கொண்டுவருவதா என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.